ஓடு மாற்றினால் போதும்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.11.1988

அன்பு மச்சானுக்கு, ஸலாம்.

ஆரிபாவும் நானும் சுகம். மூன்று நாளாக விடாத மழை.

கூரையை மொத்தமாகப் பிரிக்க வேண்டியிருந்தால் ரியாத்தில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதாக எழுதியிருந்தீர்கள். வன்னியம்பட்டி வீரணன் கொத்தனாரை வரச் சொன்னேன். ஆம்பளை இல்லாத வீடு என்று அவர் கூடத்தோடு நின்றுகொண்டார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

“கைமரம் இத்துப்போயிருந்தா ஓடு நிக்காதும்மா. பிரிச்சுட்டு கான்கிரீட் போட இருபத்தஞ்சாயிரம் ஆகும். எங்கெங்க ஒழுகுது?”

“கூடத்துல ரெண்டு இடம், அடுப்படியில ஒண்ணு.”

“உள்ரூம்ல?”

“அங்க ஒழுகல.”

“அப்பச் சரி. ஓடு மாத்துனாப் போதும். மூவாயிரத்துல முடிச்சிருதேன்.”

அந்தப் பணம் நீங்கள் அனுப்பியதிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டாம். நீங்கள் போகும்போது வயிற்றில் இருந்த ஆரிபா, இப்போது போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, “அத்தா எம்புட்டு உசரம்மா?” என்று கேட்கிறாள். கையைத் தூக்கிக் காட்டினேன். சரியாகத்தான் காட்டினேனா என்று எனக்கே சந்தேகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வந்த பிறகு மழை பெய்தால் உள்ரூமில் நம் கட்டில் நனையும். அதற்கு மேலே கைமரம் இற்றுப்போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கொத்தனாரிடம் நான்தான் மறைத்தேன்.

ஏசுவதாக இருந்தால் தபாலில் ஏசாதீர்கள். நேரில் வந்து ஏசுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி