தலைவர் வீட்டுக் கூட்டம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, படித்துவிட்டுக் கிழி. பஸ் பணிமனை வேலையும் புது ஊர்த் தண்ணீரும் ஒத்துக்கொண்டனவா? உன் அக்காவுக்கு முழங்கால் வலி தேவலை.

நம் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இப்போது அறுபத்து மூன்று பேர். நம் மொட்டைமாடியில் நாலு பேராக நின்று, கொட்டு வாங்கி, வீங்கிய உதட்டோடு சிரித்தோமே, அதே சங்கம்தான். நூலகத்துப் பின்னறை போதாமல் வராந்தாவிலும் நாற்காலி போடுகிறோம். புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தலைவர் என்ற முறையில் என் பெட்டியிலிருந்துதான் தேனீயோடு, அடை கட்டிய மரச்சட்டம் ஒன்று கொடுப்பேன். 'தலைவர் வீட்டுக் கூட்டம்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்தப் பழைய பெட்டியை வாங்கி வருவதற்குப் பத்து நாள் முன்பே என் மூன்றாவது பெட்டியில் புழு அழுகும் தொற்றுநோய் இருந்தது. அடையில் அறைகளின் மூடி உள்வாங்கியிருந்தது. தீக்குச்சியை விட்டு இழுத்தேன். செத்த புழு நூலாக நீண்டு வந்தது. மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு வேறு சொல்ல வேண்டுமா? தெரிந்துதான் மூடி வைத்தேன். அந்த வாரம் பதினொரு பேருக்குச் சட்டம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். தலைவர் பெட்டியிலேயே நோயா என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். அந்தப் பெட்டிச் சட்டங்களையும் சேர்த்தே கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவர்கள் பெட்டிகளில் புழு அழுகியது. எல்லார் முன்னாலும் உன்னிடம், இந்தப் பழைய பெட்டியை எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். மீதியை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நீ ஆசையாக நீல வண்ணம் அடித்த பெட்டியை எரித்தபோது மண்ணெண்ணெய் ஊற்றியது என் கைதான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டையும் பிரித்து வைத்தவன் நான்தான்.

போன வாரம் தேனீப் பெட்டிகளைச் சோதிக்க அரசு ஆய்வாளர் வந்தார். யாரிடம் தேனீக் கூட்டம் வாங்கினீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பதினொரு பேரும் என்னைக் கைகாட்டினார்கள். அப்போதும் அவர்களில் ஒருவரான தையற்கார அம்மா எனக்குப் பரிந்து, "பாவம் தலைவரு, மச்சினன் பொட்டியிலேர்ந்து அவருக்கும் ஒட்டிக்கிச்சு" என்றார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் தலையாட்டினேன், மாப்பிள்ளை. சீ, என்ன மனுஷன் நான்! கண்ணாடி பார்க்கக் கூசி நாலு நாளாகச் சவரம் கூடச் செய்யவில்லை.

இன்று காலை ஆய்வாளரிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் எட்டுப் பெட்டிகளையும் எரிக்கிறோம். ஏன் என்று சங்கத்தார் முன் நானே சொல்வேன். தலைவர் பதவியும் அதோடு சரி.

அது கூடப் பெரிதில்லை. உன்மேல்தான் தப்பா என்று அன்றைக்கு உன் அக்கா என்னிடம் கேட்டாள். அவன் அவசரக்குடுக்கை, உனக்குத் தெரியாதா என்றேன். நம்பினாள். ஏழு மாதமாக அவள் உன் போனை எடுக்காதது என் பேச்சை நம்பித்தான். உன் பேச்சு வந்தாலே எழுந்து துணி மடிக்கப் போய்விடுகிறாள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை ஒட்டாமல் அவள் கையில் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு அவளே தபாலில் போடட்டும்.

இது உன்னிடம் வந்திருந்தால் அவள் படித்துவிட்டாள் என்று வைத்துக்கொள். என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டால் மட்டும் எடு, ராசா. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் முகத்தில் விழிக்க யோக்கியதை இல்லாத
அத்தான்