அறுத்த வயலில் ஓடிய தண்ணீர்

அன்பிற்குரிய என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நானும் சின்னவளும் மோட்டாரும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் முழங்கால் வலியும் எப்படி இருக்கிறீர்கள்? தைலத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தேய்க்காமல் தூங்குவீர்கள், எனக்குத் தெரியாதா?

போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். உங்கள் பக்கம் அறைத்தோழர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என் பக்கம் சின்னவள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, இல்லை. அதோடு சரி. மற்றதெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

மக்காச்சோளம் அறுத்து ஏற்றியாகிவிட்டது. தட்டையைப் பக்கத்து வயல் அக்கா மாட்டுக்கு எடுத்துக்கொண்டார். வயல் வெறிச்சென்று கிடக்கிறது. சமையலறை ஜன்னலில் நின்றால் இப்போது சாலை வரைக்கும் தெரிகிறது. பஸ் நிற்பதும் தெரிகிறது. யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்துப் பார்த்துப் பால் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். சின்னவளுக்கு முன்பல் ஆடுகிறது. அப்பா வந்துதான் பிடுங்க வேண்டும் என்று ஒரே அடம். அதற்காக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடுகிறாள்.

பாசனத் துறைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போன புதிதில் ஒன்று சொன்னீர்களே, நினைவிருக்கிறதா? எந்த வயல் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று எல்லா மீட்டர்களும் உங்கள் கணினிக்குத்தான் எண் அனுப்புகின்றன, திரையில் ஓடும் அத்தனை வரிகளில் நம் வயலின் வரியைத்தான் காலையில் முதலில் பார்க்கிறேன், எண் நகர்ந்தால் நீ எழுந்து வால்வைத் திறந்துவிட்டாய் என்று அர்த்தம், அப்புறம்தான் எனக்கு டீ இறங்குகிறது என்றீர்கள். அன்றிலிருந்து தலை வாரிக்கொண்டுதான் வால்வைத் திறக்கப் போவேன். சிரிக்காதீர்கள்.

அறுவடை முடிந்த மறுநாள் திறக்கவில்லை. வெறும் மண்ணுக்கு எதற்குத் தண்ணீர்? ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போல நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. அடுத்த நாள் கொஞ்ச நேரம் திறந்துவிட்டேன். பிறகு தினமும். கொக்குகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

இதற்கு நடுவில்தான் லீவு கிடைக்கவில்லை என்று போன் செய்தீர்கள். நம் வாய்க்கால் கணக்கில் ஒரு மீட்டர் இடிக்கிறது, செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படத்தில் பயிர் இல்லை, மீட்டரிலோ தண்ணீர் ஓடுகிறது, அது தீராமல் கணக்கை மூட முடியாது, மூடாமல் ஊருக்கு வர முடியாது என்றீர்கள். எவன் அந்தப் படுபாவி என்று வாயாரத் திட்டினேன். சின்னவளும் அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டாள்.

நேற்று மீட்டர் சோதிக்கிறவர் வந்தார், எப்போதும் குடையும் கையுமாக வருவாரே, அந்தக் குடைக்காரர். கையோடு கொண்டுவந்த கருவியைக் குழாயில் கட்டி, தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. வயலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மீட்டர்ல கோளாறு இல்லம்மா, தண்ணி நிஜமாவே ஓடியிருக்கு. என்ன, கொக்கு வளக்கிறீங்களா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. படுபாவி நான்தான்.

மண் இளகட்டும் என்று திறந்தேன் என ஏதோ உளறினேன். அவர் நம்பவில்லை. வெறும் நிலத்தில் தண்ணீர் ஓடினால் அன்றைக்கே தலைமை அலுவலகத்திலிருந்து, வால்வை மூடச் சொல்லிப் போன் வந்துவிடுமாம். "இதுக்கு மட்டும் நம்ம சாரு, 'விடுங்க, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு" என்றார். சார் என்றது உங்களைத்தான்.

ஆக, உங்களுக்குத் தெரியும். தினமும் அந்த எண்ணைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நான் மூடிவிடுவேன் என்றுதானே? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு வரப்பில் உட்கார்ந்து சிரித்தேன். அழவும் செய்தேன். நம் இரண்டு பேரையும் என்ன சொல்வது? உங்கள் லீவை நாமே கைகோத்துக் கெடுத்திருக்கிறோம்.

ஆனால் அது நம் வீட்டுத் தண்ணீர் மட்டும் இல்லையே. அடுத்த போகத்துக்கு யாருக்கு எவ்வளவு என்று இந்தக் கணக்கை வைத்துத்தான் பிரிப்பார்கள். அக்கா நேற்றுகூட, இந்தத் தடவை நம்ம பக்கம் குறைச்சிடுவாங்களோ என்று கவலைப்பட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயிர் இல்லாமல்தான் திறந்தேன், இனி திறக்க மாட்டேன் என்று குடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். வால்வின் கைப்பிடியைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதம் கைக்கு வருவதற்குள் நம் வரியில் பூஜ்யத்தைப் பார்த்திருப்பீர்கள். பதறியும் இருப்பீர்கள். அறைத்தோழர்களை வைத்துக்கொண்டு, ஏன் திறக்கவில்லை என்று கேட்கவும் முடிந்திருக்காது. எனக்கு ஒன்றும் இல்லை. டீயைக் குடியுங்கள். மீட்டர் சரி, தண்ணீர் ஓடியதும் நிஜம், திறந்தது என் மனைவி என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கணக்கை மூடுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், பாதியை இங்கே வந்து எனக்குக் கொடுங்கள்.

நான் எழுந்துவிட்டேனா என்று இனிமேல் அங்கிருந்து தெரியாது. வந்து பாருங்கள். பல் இன்னும் விழவில்லை.

ஜன்னலோரம் தலை வாரி நிற்கும்,
உங்கள் மனைவி