உணர்வு வயது பதினொன்று

ஆவடி குவார்ட்டர்ஸ்,
ஞாயிறு

அன்பு மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றி எனக்கு எழுத வராது, அம்மா இருந்தால் அவள் எழுதியிருப்பாள். உங்கள் விடுதியில் போன் கொடுப்பதில்லை என்பதால் நான் எழுதவேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா போய் இரண்டு மாதமாகியும் உனக்கு அழுகை வரவில்லை, காரணம் உன் அறிவு வயது பதினேழு, உணர்வு வயது பதினொன்று, இரண்டும் சேர்ந்து வளராததற்கு ஒத்திசையா வளர்ச்சி என்று பெயர், மீத்திறன் பிள்ளைகளுக்கு இது சகஜம், கவலைப்படாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் வயது பதின்மூன்று. அதை மட்டும் ஏன் விட்டுவிட்டாய்? ஃபேக்டரியில் நாள் முழுக்க அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. எதை அளக்கச் செய்தார்களோ அதைத்தான் ஒரு கருவி அளக்கும். புதிர் கொடுத்து உன்னை அளந்தார்கள், நன்றாகப் போட்டாய், சந்தோஷம். துக்கத்தை அதில் வைத்து அளக்க முடியாது.

உங்கள் பள்ளி ஆலோசகரும் ஒரு தாள் அனுப்பியிருந்தார். இழப்பை நீ முதிர்ச்சியோடு கையாள்கிறாயாம், அதனால் ஜூனில் ஒரு வகுப்பைத் தாண்டி உன்னை உட்கார வைக்கலாமாம், அதற்குத் துரிதப்படுத்தல் என்று பெயராம், என் கையெழுத்து வேண்டுமாம். நான் போடவில்லை. போன் செய்து கேட்டால் கோட்பாடு சொன்னார், கொஞ்சம் கத்திவிட்டேன். அதை வைத்து உன்னிடம் யாராவது கோபம் காட்டினால் என்னிடம் சொல்.

எனக்கும் அழுகை வரவில்லை பிரியா. டிப்ளமோவில் நாலு அரியர் வைத்தவன் நான், என்னை யாரும் மீத்திறன் என்று சொன்னதில்லை. அப்படியும் வரவில்லை. அம்மாவின் போனை தினமும் சார்ஜ் போடுகிறேன். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா எதற்கு என்று கேட்டார்கள், சிலிண்டர் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வருகிறது என்றேன். உண்மையில் போன மாதமே என் நம்பருக்கு மாற்றிவிட்டேன். அவர்கள் நம்பவில்லை. "புள்ளைய அவ்ளோ தூரத்துல வுட்டுட்டு இந்த போனை வெச்சிகினு இன்னா பண்ற நைனா, போய் இட்டுகினு வா" என்று சொல்லிவிட்டு, குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை ரயிலேறி வருகிறேன். உன் படிப்பை நிறுத்தப் போகிறேன் என்று பயப்படாதே, எப்போது திரும்பிப் போவது என்பதை நீயே சொல், ஒரு வருஷம் போனாலும் போகட்டும். வீட்டில் நீ எனக்கு எதையும் விளக்க வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டால் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதைவிடப் பெரிதாக உனக்காக வேண்டிக்கொள்ள என்னிடம் எதுவுமில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் வைத்துவிடாதே, ரயிலில் குளிரும்.

உன் அப்பா,
கார்த்திகேசன்