கழற்றாத சிவப்பு உறை

சனிக்கிழமை.

அப்பா போன் செய்த நேரத்தில்தான் தவறு நடந்தது என்பதை இன்று யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் பயிற்சிப் பள்ளியின் விமானத்தில் நான் முதல்முறையாகத் தனியே பறக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தச் சின்ன விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கைப் பக்கம் போனபோது அப்பா போனில் கூப்பிட்டார். சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் டிரெய்லர் லாரி ஓட்டுகிறார்; டயரைத் தட்டிப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே மாட்டார்.

“இன்னாம்மா, வண்டிய சுத்திப் பாத்தியா?”

“பாத்துகினேதான் கீறேன் நைனா.”

சிரித்தபடி போனை வைத்துவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். இறக்கைக்கு அடியில், வேகத்தை அளக்கும் குழாயின் சிவப்பு உறையைக் கழற்றவில்லை.

ஓடுபாதையில் விமானம் விரைந்தது. வேகமுள் மட்டும் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மேலே எழும்புவதற்குள் நிறுத்திவிட்டேன். பயிற்சியாளர் உறையைக் கழற்றி என் கையில் வைத்தார். தனியே பறப்பது ஒரு வாரம் தள்ளிப்போனது.

காலடிப்பேட்டை வீட்டில் அப்பா லட்டு வாங்கி வைத்துக் காத்திருந்தார். உறையை மறந்ததைச் சொன்னேன்.

“நிறுத்திட்டல்ல? அதான் டிரைவரு. லட்ட துன்னு.”

சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார்: “நீ சுத்திப் பாத்தது எத்தினி மணிக்கு?”

“எட்டு இருக்கும்.”

தன் போனை எடுத்து, காலையில் என்னைக் கூப்பிட்ட நேரத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

“இனிமே காலையில நான் கூப்ட மாட்டேன். எறங்குனப்புறம் நீ கூப்டு” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.