வெல்லாதவருக்கு ஒரு பதாகை

இன்று காலை கடையைத் திறந்தவுடன் ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் பிளக் வாங்க வந்தார். எஞ்சினை நிறுத்தாமல் வாசலிலேயே நின்றார். நீலப் புகை கடைக்குள் ஏறியது, அதற்குள் ஆமணக்கெண்ணெய் கருகிய மணம். யாரோ சொல்லிக் கேட்டு அதைப் பெற்றோலோடு கலந்திருக்கிறார். வேறு நாளென்றால் நன்றாக ஏசியிருப்பேன். இன்று, "கொஞ்ச நேரம் ஓடட்டும், நிப்பாட்டாதேங்கோ" என்றேன். அந்த மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் அந்த எண்ணெய் பேதிக்குக் கொடுப்பது. மூக்கைப் பொத்திப் பிடித்து வாயில் ஊற்றுவார்கள். அண்ணா, உங்களுக்கோ அதுதான் இளமையின் வாசனை. மோட்டார் சைக்கிள் ஓட்டப் போட்டி எஞ்சின்களுக்கு அதைத்தான் ஊற்றினோம் என்று நீங்கள் முதன்முதல் சொன்னபோது, "அப்ப உங்கட சைக்கிளுக்கு வயித்தால போகேல்லையோ?" என்று கேட்டேன். அர்த்தம் பிடிபட உங்களுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கதிரை ஆட ஆடச் சிரித்தீர்கள்.

அண்ணா, உங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். உங்கள் முப்பத்தோராம் நாளுக்கென்று சந்தியில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலிப் பதாகையை நான் கழற்றிவிட்டேன். நானே ஏணி வைத்து ஏறி, நானே கயிற்றை அறுத்தேன். அதைக் கட்டிய நசீர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. குறிஞ்சாக்கேணியிலிருந்து படகு ஓட்டும் அந்த மனிதர், உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்த அன்று என்னைவிட அதிகம் அழுதவர். அன்பில்தான் செய்தார். ஆனால் உங்கள் முகத்துக்குக் கீழே, தங்க நிறத்தில், "உலக சம்பியன்" என்று போட்டுவிட்டார். நீங்கள் பார்த்திருந்தால் இன்னொரு தடவை செத்திருப்பீர்கள்.

சுனாமிக்குப் பிறகு படகு எஞ்சின்களைத் திருத்த வந்த வெளிநாட்டுக்காரர்களில் நீங்களும் ஒருவர். வேலை முடிந்ததும் மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். நீங்கள் பாலையூற்றில் ஒரு வாடகை வீட்டைப் பிடித்து இருந்துவிட்டீர்கள். ஊர் உங்களை ஒல்லாந்தர் என்றது. முதல் நாள் கடைக்கு வந்தபோது நானும் சும்மா விடவில்லை. "என்ன, கோட்டையைத் திருப்பிப் பிடிக்க வந்தனீங்களோ?" என்று கேட்டேன். கடலோரம் நிற்கும் கோட்டையை ஒரு காலத்தில் உங்கள் ஆட்கள் வைத்திருந்தது பள்ளிக்கூடத்தில் படித்தது. "வேண்டாம், ரெண்டு பிளக் போதும்" என்றீர்கள். உடைந்த தமிழ்தான், ஆனால் பதில் உடையவில்லை. அன்றிலிருந்து அந்த மூலைக் கதிரை உங்களுடையது.

உங்கள் வாழ்க்கையை நீங்கள் ஒரே மூச்சில் சொன்னவரில்லை. எஞ்சின் திருத்தும் வேலைக்கு இடையிடையே வந்த கதை அது. பால் மாட்டுப் பண்ணையில் பிறந்தவர். மிகச் சிறிய எஞ்சின்கள் ஓடும் வகுப்பில் ஓடியவர். நசீரின் படகு எஞ்சின் அதைக் கண்டால் சிரிக்கும். பாரம் குறைய வேண்டுமென்று போட்டிக்கு முந்தின நாட்களில் பட்டினி கிடப்பீர்களாம். உங்கள் அக்கா வான் ஓட்ட, பின்னால் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நாடு நாடாகப் போவீர்களாம். அந்த எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுகிவிடும், சில்லும் பூட்டிக்கொள்ளும், ஆள் றோட்டில். அதனால் இடக்கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளச்சின் மேல் இருக்க வேண்டும். எங்கள் கடையில் தேநீர்க் கோப்பையைப் பிடிக்கும்போதும் உங்களுடைய அந்த இரண்டு விரல்களும் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தன.

ஆனால் ஒரு தடவைகூட நீங்கள் வெல்லவில்லை. நான்காவதாக வந்ததுதான் ஆகப் பெரிது. உங்கள் சொந்த நாட்டில், மழைக்குள், கடைசிச் சுற்றில், எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தபோது செயின் அறுந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே முடிவுக் கோட்டைக் கடந்தீர்கள். சனம் எழுந்து நின்று கை தட்டியதாம். இதைச் சொல்லும்போதெல்லாம் உங்கள் முகம் சிவந்துவிடும். "பாவம் எண்டு தட்டினவங்கள். எனக்கு அந்தப் பாவம் வேண்டாம். முடிக்கத்தான் தள்ளினனான்" என்பீர்கள். பிறகு அந்தச் சிறிய எஞ்சின் வகுப்பையே இனி இல்லை என்று மூடிவிட்டார்கள். உங்கள் ஓட்டமும் அதோடு சரி.

கடைக்கு வருகிறவர்கள் ஆவலாக, "சேர், நீங்கள் சம்பியனோ?" என்று கேட்பார்கள். "இல்லை. ஒருக்காலும் வெல்லேல்லை" என்று, சாப்பிட்டாச்சு என்று சொல்வதுபோலச் சொல்வீர்கள். கேட்டவர்தான் வெட்கப்பட்டு வேறு கதைக்குப் போவார்.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும். என் கணவரை இந்தக் கடை வாசலில் வைத்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். மகள் அப்போது என் இடுப்பில் இருந்தாள், இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. அவர் எங்கே என்று கேட்டு, என்னைப்போன்ற பெண்களோடு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அவருடைய படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் நிற்கிறேன். பதில் சொல்ல வேண்டிய கதிரைகளில் ஆட்கள் மாறினார்கள். பதில் வரவில்லை. எங்களில் சிலர் படத்தைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுச் செத்தும் போனார்கள்.

ஒரு கட்டத்தில் எனக்கும் வெறுத்துப் போனது. அன்புவழிபுரத்தில் இருக்கும் என் தமையன், "மரணச் சான்றிதழை வாங்கிக்கொண்டு அலுவலை முடி. உலகம் சிரிக்குது" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் உங்களிடம் சொன்னேன்.

"இனி நான் போகேல்ல அண்ணா. நிண்டு என்ன, ஒண்டும் நடக்கப் போறேல்ல."

நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை. அதற்காகவே உங்களை எனக்குப் பிடிக்கும். கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஓட்டம் தொடங்கும் இடத்தைப் பற்றிச் சொன்னீர்கள். உங்கள் காலத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டுமாம். சுற்றிவரச் சனக்கடல், ஆனாலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கொடி விழுந்ததும் எல்லோரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். முதலில் கேட்பது காலடிச் சத்தம் மட்டும்தானாம்.

"முன்னுக்கு நிக்கிற ரெண்டு மூண்டு பேரில ஒருத்தன் வெல்லுவான். எனக்கும் தெரியும், அவங்களுக்கும் தெரியும்" என்றீர்கள். "ஆனா நாங்கள் வராட்டி அது ஓட்டம் இல்லை. ரெண்டு மூண்டு பேர் றோட்டில போறது, அவ்வளவுதான். நான் பின்னால வந்தபடியால்தான் அவங்கள் திரும்பித் திரும்பிப் பாத்தவங்கள். நீங்கள் நிக்கிற வரைக்கும் ஆரோ திரும்பிப் பாக்கவேணும், தங்கச்சி."

அந்த மாதக் கடைசியில் நான் போனேன். நீங்கள் வந்து பக்கத்தில் நிற்கவில்லை. விசாவில் இருக்கிற வெளிநாட்டுக்காரர் போராட்டத்தில் நிற்க ஏலாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் எங்களில் வயதானவர்கள் இருக்கவென்று நாலைந்து பிளாஸ்டிக் கதிரைகளை ஓட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தீர்கள். யார் அனுப்பியது என்று கேட்டவர்களிடம், தோற்ற ஒருவர் என்று சொன்னேன். அன்று எங்கள் வரிசையில் நன்றாகச் சிரித்தார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்த மனிதரைச் சம்பியன் ஆக்க நான் விடுவேனா? பதாகையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்த அன்று நசீர் கடைக்குப் பாய்ந்து வந்தார்.

"என்னக்கா இது அநியாயம்? மவுத்தான மனிசருக்கு ஒரு பட்டம் குடுத்தா என்ன குறைஞ்சி போகப் போகுது? ஆரு போய்த் தேடிப் பாக்கப் போறாங்க?"

"அவர் வெல்லேல்ல, நசீர்."

"அது எங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஏன் சொல்லணும்? சனம் சிரிக்கும் அக்கா."

"சிரிக்கட்டும். என்னைப் பாத்தும்தான் சிரிக்குது. வெண்டவை மட்டும்தான் மனிசர் எண்டால் நான் ஆர்? வெல்லாமல் ஒராள் கடைசி மட்டும் போனவர் எண்டதுதான் எனக்கு இருக்கிற தெம்பு. அதையும் தங்க எழுத்தால மறைச்சுப் போட்டியளே!"

என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். நசீர் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

புதுப் பதாகைக்கு நானே போய் வாசகம் கொடுத்தேன். அச்சடிக்கிறவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, "வெல்லவில்லை எண்டோ போடச் சொல்லுறீங்கள்? ஏதோ பிழைபோலக் கிடக்கு" என்றார். பிழையில்லை, பெரிய எழுத்தில் போடுங்கள் என்றேன். நீங்கள் மழைக்குள் தள்ளிக்கொண்டு போகும் படத்துக்குக் கீழே இப்படி இருக்கிறது: "பல வருடம் ஓடினார். ஒருமுறையும் வெல்லவில்லை. ஒவ்வொரு முறையும் வரிசைக்கு வந்தார்."

அதைக் கட்ட ஏணியில் ஏறினேன். கால் வைக்க வைக்க அது ஆடியது. ஏணி திடீரென்று ஆடாமல் நின்றது. கீழே பார்த்தால் நசீர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கடற்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கட்டி முடித்து இறங்கியதும் ஏணியை விட்டுவிட்டுப் போனார். கோபம் ஆறவில்லை. ஆறும்போது ஆறட்டும். சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்தான். சிலர் திரும்பவும் வாசிக்கிறார்கள்.

நேற்று மாதக் கடைசி. வெயில் மண்டையைப் பிளந்தது. வழக்கமான இடத்தில் படத்தோடு நின்றேன். புதிதாக ஒரு நிருபர் பிள்ளை வந்திருந்தாள், கையில் ஒரு சின்னக் கொப்பி. என் பெயரைக் கேட்டாள், அவருடைய பெயரைக் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கி, "இவ்வளவு காலமா நிக்கிறீங்கள் அம்மா. இதால என்ன கண்டனீங்கள்?" என்றாள்.

"ஒண்டும் காணேல்ல" என்றேன்.

அவள் எழுதாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அதை அப்பிடியே எழுதுங்கோ பிள்ளை, ஒண்டும் காணேல்ல. பாவம் எண்டு மட்டும் எழுதாதேங்கோ. இண்டைக்கும் வந்தவ, வாற மாசமும் வருவா எண்டு எழுதுங்கோ. பாக்கவேண்டியவை திரும்பிப் பாக்கட்டும்."

அவள் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.