ஓடியவனின் படம்

அன்புள்ள உம்மா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

போன வெள்ளிக்கிழமை முதலாளியின் கைக்கடிகாரம் காணாமல் போனது. டிரைவரான என்னைத்தான் சந்தேகித்தார்கள். ஓடிவிட எண்ணிப் பையைக் கட்டினேன். வாசலில் ஆள் குறையும்வரை போனில் ஒரு கறுப்புவெள்ளைக் குற்றப்படம் பார்த்தேன். யாருக்கும் தெரியாத பழைய படம். குற்றமற்ற வேலைக்காரன் ஓடுகிறான். முகத்தைக் காட்டாமல் அவன் கால்களை மட்டுமே காட்டுகிறார்கள், உம்மா! அப்படியொரு படம் நான் பார்த்ததில்லை. ஓடியதாலேயே ஊர் அவனைக் கள்வனாக்குகிறது.

பையோடு முதலாளியிடமே போய், சோதிக்கச் சொன்னேன். கடைசியில் கடிகாரம் அவருடைய கார் இருக்கை இடுக்கில் கிடைத்தது.

"நீ ஓடியிருந்தா நானும் நம்பியிருப்பன்டா" என்றான் சமையல்கார றம்ஸீன், நம் ஏறாவூர்க்காரன்.

வாட்ஸ்அப்பில் கொஞ்சம் நீளமாகப் பேசி அனுப்புங்கள். பதிவில் நம் ஊர் வாவிக்காற்று இரைந்தாலும் பரவாயில்லை. முதலாளி கூப்பிடுகிறார்.

மகன் இஷாம்