பின் சீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை

1-12-2005, வியாழன்

அமாவாசை. தெருவில் ஒரு தறிச் சத்தமும் இல்லை. விடிந்ததும் நானும் மனைவி கற்பகமும் ஜவ்வாது மலைக்குக் கிளம்பிவிட்டோம். பதினாறு வருஷமாக இதுதான் வழக்கம். தறிக்கு லீவு விடுகிற நாளில் எங்களுக்கு மலை. நிலா இருக்காது என்பதால் இருட்டுவதற்குள் போளூருக்கு இறங்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் கட்டுப்பாடு. இந்த வருஷத்து மழையில் பாதை பல இடங்களில் அரித்துக் கிடக்கிறது. என் புல்லட் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. எழுபத்தாறாம் வருஷத்து வண்டி.

போளூரில் குப்புராஜ் சேர்ந்துகொண்டான். மின்வாரிய லைன்மேன், கலசப்பாக்கத்துக்காரன். மலைமேல் கம்பம் நட வந்த காலத்தில் டீக்கடையில் பழக்கமானவன். போன மாதம்வரை ஒரு ஓட்டை மொபெட்டில் வந்தவன் இன்று புதுப் புல்லட்டோடு நிற்கிறான்! கறுப்பு. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

"இன்னா மோகன், பாத்துகினே நிக்கிற? பொத்தான அமுக்கு. அது பாட்டுக்கு ஓடும்."

அமுக்கினேன். ஓடியது. உழைக்காமல் கூலி வாங்கின மாதிரி இருந்தது.

மலையடிவாரம்வரை வண்டி மாற்றிக்கொண்டோம். பழசில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதுசில் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. கியர் போடுவதாக நினைத்து வலது காலால் மிதித்தேன். பிரேக் பிடித்து வண்டி திணறி நின்றது. பின்னால் இருந்த கற்பகத்தின் மூக்கு என் முதுகில் இடித்தது. குப்புராஜ் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

4-12-2005

நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு வண்டியையும் எதிரெதிரே எழுதிப் பார்த்தேன். மேட்டில் இழுப்பது பழசு. ஆனால் ஐந்தாவது கியரில் புதுசு அலுங்காமல் போகிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளக்கு வெளிச்சம் புதுசு. சத்தம் — இதில் என்ன கேள்வி, பழசு. வழியில் நின்றால் ஒரு ஸ்பேனரும் கம்பியும் போதும், பழசு. எண்ணெய் ஒழுகாதது புதுசு. கல்லும் குழியும் தாங்குவது பழசு.

இப்படிப் பதினாறு வரி. முடிவில் பழசுக்கு ஒன்பது, புதுசுக்கு ஏழு. நானே பரீட்சை வைத்து நானே மார்க் போட்டால் வேறு எப்படி வரும்?

7-12-2005

மழை. தெருவில் பாவு நூலை நீட்டி விரிக்க முடியவில்லை.

20-12-2005, செவ்வாய்

வலது கணுக்கால் வீங்கி இருக்கிறது. படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சேத்துப்பட்டு போக வேண்டியிருந்தது. குப்புராஜும் வந்தான். அவன் பொத்தானை அமுக்கிவிட்டு, "ஜல்தி வாய்யா" என்று உறுமவிட்டுக்கொண்டு நின்றான். என் வண்டியை அப்படிக் கிளப்ப முடியாது. ஹேண்டிலில் இருக்கிற சின்ன லீவரை இழுத்துப் பிடித்து, கிக்கரை மெல்ல மெல்ல அழுத்தி, கரன்ட் மீட்டர் முள் நடுவுக்கு வந்ததும் லீவரை விட்டு, அப்புறம்தான் ஒரே மிதி. முள் நடுவில் இல்லாமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். பதினாறு வருஷத்தில் ஒரு தடவைகூட அடி வாங்கியதில்லை.

இன்று முள் நடுவில் இல்லை. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் மிதித்தேன். அவன் காத்திருக்கிறான் என்கிற ரோஷம். வண்டி மேல் தப்பில்லை. நான்தான் முட்டாள்.

22-12-2005

எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரக் கட்டு. டாக்டர் சொன்னது: "நல்லா சேர்ந்துடும். ஆனா இன்னொரு தடவ இதே எடத்துல அடிபட்டுச்சின்னா அப்புறம் அழுத்தி மிதிக்கிற வேலைய மறந்துடுங்க."

அழுத்தி மிதிப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை? சேலைக்கு டிசைன் போடுகிற ஜக்கார்டுப் பெட்டி தலைக்கு மேலே இருக்கிறது. அதைத் தூக்குகிற மிதி வலது காலடியில். குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா ஒரு தடவை போனால் வலது கால் ஒரு மிதி. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் என்று எண்ணியதில்லை.

தறியில் அரக்குச் சேலை பாதியில் நிற்கிறது. தேவிகாபுரத்துப் பெண்ணுக்கு மாசியில் கல்யாணம். வேறு ஆளை உட்காரவைத்து முடிக்கவும் வழியில்லை. நெய்கிறவன் மாறினால் நூலை நெருக்குகிற அடி மாறும். அடி மாறினால் சேலையின் குறுக்கே கோடு விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

8-1-2006

யாருக்கும் தெரியாமல் தறிக்குழியில் இறங்கினேன். இடது காலால் மிதித்துப் பார்க்கலாம் என்று. நாலு மிதி சரியாக வந்தது. ஐந்தாவதில் கட்டுப் போட்ட வலது கால் தானாகத் துடித்துக்கொண்டு கீழே போயிற்று. உயிர் போய்விட்டது. கற்பகம் ஓடிவந்து கையைப் பிடித்துத் தூக்கினாள். திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை.

29-1-2006, ஞாயிறு

அமாவாசை. மலைக்குப் போகாத இரண்டாவது அமாவாசை.

பொழுது போகாமல் இந்த நோட்டைப் புரட்டினேன். ஒன்பது-ஏழு பக்கத்தின் அடியில் பென்சிலில் ஒரு வரி. கற்பகத்தின் எழுத்து.

'பின் சீட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.'

என் நோட்டை எப்போது படித்தாள்? கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் யோசித்தேன். எண்ணெய் ஒழுகுவதுவரை எழுதியிருக்கிறேன். இவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் போய், "சரி, நீயே சொல். எது பரவாயில்லை?" என்று கேட்டேன். கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"பழசுல எறங்குனா ரெண்டு நாளைக்கு இடுப்பு என்னுது இல்லீங்க. புதுசுல அது இல்ல. ஆனா எதுல போனா இன்னா? பதினாறு வருசமா மலைக்கி போய்கினு வரேன், மலைய எங்க பாத்தேன்? உங்க முதுகத்தான் பாத்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"கேட்டாத்தானே சொல்றது."

2-2-2006

கட்டுப் பிரித்தாயிற்று. தறியில் உட்கார்ந்தேன். வலிக்கிறது, ஆனால் மிதிக்கிறது. அது போதும்.

20-2-2006

அரக்குச் சேலையை அறுத்து இறக்கினேன். வெளிச்சத்தில் பிடித்து, நிறுத்தின இடம் தெரிகிறதா என்று தேடினேன். எனக்குத் தெரிகிறது. வேறு யாருக்கும் தெரியாது என்கிறாள் கற்பகம்.

12-3-2006, ஞாயிறு

வண்டி கைமாறிவிட்டது. விற்கவில்லை. குப்புராஜே கேட்டான்.

"நீ எனக்கு பழச குடு, நான் உனக்கு புதுச தரேன். கம்பம் ஏறி ஏறி என் காலு இரும்பாயிட்ச்சிய்யா, உன் வண்டி இன்னா ஒதைச்சாலும் தாங்கும். புதுசுல சத்தமே இல்ல, போர் அடிக்குது."

போர் அடிக்கிறது என்பது பொய். எனக்காகத்தான். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? மெக்கானிக் பரசுராமன் இரண்டுக்கும் விலை சொன்னான், மிச்சத்தைக் கொடுத்தேன், முடிந்தது. தெருமுனைவரை என் வண்டியின் சத்தம் கேட்டது. அப்புறமும் கொஞ்ச நேரம் கேட்டது. வாசலிலேயே நின்றிருந்தேன். அழவில்லை என்று எழுத ஆசை.

29-3-2006, புதன்

அமாவாசை. விழுந்துவிட்டோம்.

ஏழாவது வளைவு. வளைந்து ஏறி முடித்ததும் பாதை கொஞ்சம் சமமாக வரும். இஞ்சின் சத்தம் உயர்ந்தது. அடுத்த கியர் போடச் சொல்கிற சத்தம். என் வலது கால் மிதித்தது. கியர் அங்கே இல்லை. பிரேக்தான் இருக்கிறது. மணல்மேல் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய் இருவரும் சாய்ந்தோம்.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. கற்பகத்துக்கு முழங்கை தோல் உரிந்து, வளையல் எல்லாம் உடைந்து, மணிக்கட்டில் ரத்தம். எழுந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "காலு? உங்க காலுக்கு ஒண்ணும் ஆவலியே?"

ஐயோ, நான் என்ன மனுஷன்!

திரும்பும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். மாற்றினால் என்ன ஆகுமோ என்ற பயம். போளூர் வரைக்கும் மாற்றவே இல்லை. மாட்டுவண்டிக்காரன் முந்திக்கொண்டு போனான்.

31-3-2006

தறியில் உட்கார்ந்து காலையே பார்த்தேன். கை நாடாவை விட்டது, கால் மிதித்தது. நான் சொல்லவில்லை. அதுவாக மிதிக்கிறது. பழைய வண்டியிலும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன் — ஒரு கியர் முடிந்தால் வலது கால், அடுத்தது முடிந்தால் வலது கால். தறியும் அந்த வண்டியும் எனக்கு ஒரே பாடம். வருஷக்கணக்கில் படித்ததை ஒரு மாதத்தில் எப்படி அழிப்பது? தறியில் நாள் முழுக்க அதையே திரும்பப் படித்துக்கொண்டும் இருக்கிறேனே.

புது வண்டியை ஓட்டினால் கற்பகம் விழுவாள். பழைய வண்டியை ஓட்டினால் என் கால் போகும். இரண்டும் இல்லை என்றால் மலை இல்லை.

16-4-2006, ஞாயிறு

"நான் ஓட்டட்டுமா?" என்றாள். சோறு போட்டுக்கொண்டே, ரசம் ஊற்றட்டுமா என்பது போல.

ஏழு வருஷமாக நூல் எடுக்கவும் சேலை கொண்டுபோகவும் மொபெட் ஓட்டுகிறாள், உண்மைதான். அதில் கியர் ஏது? இது என்ன கனம்! அதையெல்லாம் சொல்லியிருந்தால் சரி. நான் சொன்னது, "ஊரு சிரிக்கும்டி."

"விழுந்து எழுந்து வந்தமே, அப்ப ஊரு சிரிச்சிதா? வளையலு ஒடைஞ்சிது எனக்கு."

சாப்பாட்டை விட்டு எழுந்து வந்துவிட்டேன். ரசம் ஆறிப்போயிருக்கும்.

23-4-2006

சந்தை மைதானம். ஒரு வாரம் முறைத்துவிட்டு, ஓட்டிப் பார் என்று சொல்லிவிட்டேன். மகள் தேவிப்ரியாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள், கால் பக்கம் கொஞ்சம் நீளம். குப்புராஜ் பக்கத்திலேயே ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்தான். "இடது காலு கியரு, வலது காலு பிரேக்கு, அவ்ளோதாங்க. பயப்படாதீங்க." நான் மதகுமேல் உட்கார்ந்து தாடியைச் சொறிந்துகொண்டிருந்தேன். எட்டு தடவை நின்றுபோனது. எனக்குள் ஒரு கேவலமான சந்தோஷம். இதை எழுதியே ஆக வேண்டும்.

28-4-2006

இன்று கற்பகம் தெருவுக்குள் வண்டியை ஓட்டி வந்தாள், மொத்தத் தெருவும் வாசலில் வந்து நின்றது. எதிர்வீட்டு லீலா மட்டும் கை தட்டினாள்.

14-5-2006

நாலு ஞாயிறு ஆயிற்று. தப்பான காலை அவள் ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. ஒரு தடவைகூட! கெட்டிக்காரி என்பதால் மட்டும் இல்லை. மிதி வேலை செய்யாத கால்கள் அவை. மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை.

அவள்மேல் பொறாமையாக இருக்கிறது என்று குப்புராஜிடம் சொன்னேன். "இருக்கட்டும்யா. வண்டி ஓடுதில்ல?" என்றான்.

12-6-2006

எட்டுப் போட்டு லைசன்ஸ் வாங்கிவிட்டாள். என்னைவிட வட்டமான எட்டு.

25-6-2006, ஞாயிறு

அமாவாசை. விடிந்ததும் கிளம்பினோம். பின் சீட்டில் ஏறி உட்கார எனக்குத் தெரியவில்லை. கையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. "தோள புடிச்சிக்குங்க, ஆனா அமுக்காதீங்க" என்றாள். போளூர் போய்ச் சேரும்வரை யார் பார்க்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டு வந்தேன். பார்த்தவர்கள் கற்பகத்தைத்தான் பார்த்தார்கள்.

குப்புராஜ் என் பழைய வண்டியில் சேர்ந்துகொண்டான். அடிவாரத்து டீக்கடையில் நிறுத்திக் கிளம்பும்போது அது கிளம்பவில்லை. மூன்று மிதி மிதித்தான். பின் சீட்டில் இருந்தபடியே, "முள்ளு நடுவுல வரலய்யா, இன்னும் கொஞ்சம் அழுத்து" என்று கத்தினேன். மீட்டர் எனக்குத் தெரியவில்லை. சத்தத்திலேயே தெரிந்தது. நாலாவது மிதியில் கிளம்பியது. அந்தச் சத்தம் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம்.

அவள் முதுகைத்தான் பார்க்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். கற்பகம் குள்ளம். அவள் தலைக்கு மேலே மலை முழுதும் தெரிந்தது. அரித்துப்போன பாதையை மட்டுமே பார்த்து ஓட்டினவனுக்கு எதிரில் இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கு இருப்பது தெரியாது. பின்னால் இருந்தவளுக்கு என் முதுகு மறைத்தது. பதினாறு வருஷம் மலைக்கு வந்து இரண்டு பேருமே மலையைப் பார்க்கவில்லை.

இதைச் சொன்னேன். "பேசாம வாங்க, வளைவு வருது" என்றாள்.

ஏழாவது வளைவு. வளைந்து ஏறினாள். பாதை சமமானது. இஞ்சின் சத்தம் உயர்ந்தது. என் வலது கால் மிதித்தது, கால்தாங்கிக் கம்பியை, முழு பலத்தோடு.

ஒன்றும் ஆகவில்லை. அவள் இடது காலால் அடுத்த கியரைப் போட்டாள். வண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"பின்னால இன்னா மிதிச்சிகினு வரீங்க?"

"தறி" என்றேன்.

நாளைக்குப் புதுப் பாவு ஏற்ற வேண்டும். கால் வலிக்கவில்லை.